நோய் தரும் அவகாசம்

மானிடப் பிறவி எடுத்த எவரும் ஒருநாள் இவ்வுடம்பை நீத்துச் செல்ல வேண்டியவரே என்பதைச் சைவ மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிரசங்கங்களில் கேட்பதும், மரண வீடுகளில் ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுவதும் அதுவே. ஆனால் எல்லோருக்கும் பொதுவான உண்மையாக அதை அறிந்திருப்பது வேறு. தனது பெயரும் வயதும் எழுதப்பட்ட இரத்தப் பரிசோதனை அறிக்கையொன்றில் அதைக் காண்பது வேறு. அந்த இரண்டாவது அறிவைப் பெற்ற பின்னரும் பத்தாண்டுகள், பதினைந்தாண்டுகள் என்று வாழ்கின்ற மனிதர்கள் இன்று நம் மத்தியில் இருக்கின்றார்கள். நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் அவர்களுள் ஒரு சாரார்.

கிருலப்பனைச் சந்தியில் காலை வேளையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுபவர்களைக் கவனித்தால் அவர்களிற் சிலரைக் காணலாம். புறக்கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதி வழியாக நுகேகொடையைக் கடந்து மஹரகமவுக்குச் செல்லும் அந்த பஸ்ஸில், கையில் கிளினிக் கொப்பியும் பொலித்தீன் உறையில் பழைய அறிக்கைகளுமாக அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் பலர். முன்னர் தேசிய புற்றுநோய் நிறுவகம் என்ற பெயரில் இயங்கியது அதுவே. “அவர் மஹரகமவுக்குப் போய் வருகிறார்” என்று ஒருவரைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னால், கொழும்பில் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. ஆனால் நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளரைப் பார்த்தவுடன் நோயாளர் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்குப் போவார். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வார். திருவிழாவில் வடம் பிடிக்கவும் வருவார். மூன்று மாதத்திற்கொரு முறை இரத்தம் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அறியக் காத்திருக்கும் அந்த அரைநாளில் மட்டும் அவரது முகம் வேறாக இருக்கும்.

இரத்தப் புற்றுநோய் என்றதும், இரண்டொரு மாதங்களில் இறந்துபோகும் சினிமாக் கதாநாயகியே பலருக்கு நினைவுக்கு வருவாள். விரைந்து பரவும் கடுமையான வகை உண்டு, அது வேறு. நாட்பட்ட வகை மெதுவாக நகர்வது. அதிலும் பிரதானமாக இரண்டு உண்டு. ஒன்று நிணநீர்க் கலங்களைச் சார்ந்தது. பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களுக்கு வருவது. வேறேதோ காரணத்துக்காகச் செய்த பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவது. இதற்குச் சிகிச்சை உடனே தொடங்க வேண்டுமென்பதில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் கான்தி ராய் என்பவர் 1975இல் இந்நோயைப் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். ஆரம்பப் படியில் இருப்போர் பலர் மருந்தே இல்லாமல் பல ஆண்டுகள் இருக்க முடியும் என்பது அதன் பின்னர் தெளிவாயிற்று. ‘பார்த்துக்கொண்டிருப்போம்’ என்பதே வைத்தியர் சொல்லும் சிகிச்சை. உள்ளே புற்றுநோய் இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற அந்த நிலையைப் போல மனத்தைச் சோதிப்பது வேறொன்றில்லை எனலாம்.

மற்றையது என்பு மச்சையைச் சார்ந்தது. இது இளவயதினரையும் பற்றுவது. இதற்குக் காரணமான நிறமூர்த்த மாற்றத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருவர் கண்டறிந்தனர். அந்த மாற்றத்தால் உண்டாகும் கெட்ட புரதத்தை மட்டும் இலக்கு வைத்துத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001 மே மாதத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்பு சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று கணக்கிடப்பட்ட வாழ்க்கை, நாளாந்தம் விழுங்கும் மாத்திரையினால் ஏறக்குறைய ஏனையோரின் ஆயுள் அளவுக்கு நீண்டது. அற்புதம் என்ற சொல்லை எளிதில் பயன்படுத்தாத வைத்தியர்களும் இதை அவ்வாறு அழைத்தனர்.

இந்த ஆயுள் ஏழைக்கும் எவ்வாறு கிடைத்தது என்பதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. அது நம்மவர் பலர் அறியாத செய்தி. சுவிற்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பனி கிளிவெக் என்ற பெயரில் விற்ற இம்மருந்துக்கு இந்தியாவில் ஒரு மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபா. இந்தியக் கம்பனிகள் தயாரித்த அதே மருந்தின் விலை 8,000 முதல் 10,000 ரூபா. தனக்கு மாத்திரமே உரிமை வேண்டுமென்று நோவார்ட்டிஸ் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் அவ்விண்ணப்பத்தை எதிர்த்து நின்றது. பழைய மருந்தின் வடிவத்தைச் சிறிது மாற்றியமைத்தால் மட்டும் புதிய கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்ற சட்டப் பிரிவே அங்கே பேசப்பட்டது. அப்பிரிவு செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஓகஸ்டில் தள்ளியது. இறுதியாக 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கம்பனியும் பல நோயாளருக்கு இலவசமாக மருந்து வழங்கியது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆயினும் தருமமாகக் கிடைப்பதற்கும், வாங்கக்கூடிய விலையில் கிடைப்பதற்கும் வேறுபாடு உண்டு. கோவையொன்றில் ஓர் உத்தியோகத்தர் ஒழுங்காக எழுதிய ‘நிராகரிக்கப்படுகிறது’ என்ற குறிப்பு எத்தனை பேரின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது என்பதை அரசாங்க வேலை செய்து ஓய்வுபெற்றோர் நினைத்துப் பார்க்கலாம்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அது பெரும் பேறு. எனினும் 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாத்திரையால் வாழும் ஆயுள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது.

இவ்வாறு மருந்தும் சட்டமும் பொதுப்பணமும் சேர்ந்து தருகின்ற இந்த ஆண்டுகளை என்ன செய்வது? முன்னைய தலைமுறைக்கு இக்கேள்வி இந்த வடிவில் எழவில்லை. பெரும்பாலும் நோய் வந்தது, கிடத்தியது, கொண்டுபோனது. இப்போது இறப்பைக் குறித்த செய்தி முன்னதாக வந்துவிடுகிறது; இறப்பு பின்னால் மெதுவாக வருகிறது. இடையிலுள்ள காலத்தில் மனிதன் தன் முடிவைப் பற்றித் தானே யோசிக்கவும், பேசவும், சில முடிவுகள் எடுக்கவும் முடிகிறது. அது தண்டனையா, அல்லது முன்னோருக்குக் கிடைக்காத வரமா என்பது அந்த நாட்களை யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

உலகறிந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே நோக்கலாம். எட்வேர்ட் செயித் ஜெருசலேமில் பிறந்த பலஸ்தீனர். நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1991 செப்ரெம்பரில், சாதாரண இரத்தப் பரிசோதனை ஒன்றில் அவருக்கு நாட்பட்ட நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 55. முன்னே குறிப்பிட்ட கான்தி ராய் அவர்களே அவருக்கு வைத்தியம் பார்த்தவர். செய்தியை அறிந்த அடுத்த ஆண்டில் செயித் செய்த காரியம், 1947இல் சிறுவனாக விட்டுவந்த பிறந்த மண்ணுக்குத் தன் மனைவி மக்களை அழைத்துச் சென்றதாகும். 1994இல் மருந்தேற்றும் சிகிச்சை தொடங்கியது. அந்தச் சோர்வின் நடுவே தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுத ஆரம்பித்து, அதனை 1999இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், யூத இசைக் கலைஞரான டானியல் பாரன்போயிமுடன் சேர்ந்து, அரபு இளைஞரும் இஸ்ரவேல் இளைஞரும் ஒரே மேடையில் வாசிக்கும் இசைக்குழுவை உருவாக்கினார். கலைஞர்கள் தம் இறுதிக் காலத்தில் படைத்தவை எத்தன்மையன என்று மாணவருக்கு வகுப்பும் நடத்தினார். 2003 செப்ரெம்பர் 25ஆம் திகதி அவர் காலமானார். நோய் தெரிந்த பின் 12 ஆண்டுகள்.

செயித் சமய நம்பிக்கையில் ஊன்றி வாழ்ந்தவரல்லர். அவரைச் சைவ மலரில் குறிப்பிடுவது ஏன் என்று சிலர் கேட்கக் கூடும். அவரைப் போல நூல் எழுதவோ இசைக்குழு அமைக்கவோ எல்லோராலும் இயலாது என்பதும் உண்மை. ஆனால் அவரிடம் இருந்த ஒன்று கிருலப்பனைத் தோட்டமொன்றில் வாழும் நகரசபைத் தொழிலாளிக்கும், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாழும் ஓய்வூதியருக்கும் இருக்க முடியும். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவரிடம் எவரும் மறைக்கவில்லை. ஆகவே எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று அவரால் தெரிவு செய்ய முடிந்தது. பிறந்த மண்ணைப் பார்த்து வருவதும், பத்து வருடம் பேசாதிருந்த தமையன் வீட்டுப் படியேறுவதும் ஒரே வகையான காரியங்கள்தாம். இரண்டுக்கும் காலம் இருக்கிறது என்ற அறிவும், காலம் குறைவு என்ற அறிவும் சேர்ந்து வேண்டும்.

நம்மவர் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. அறிக்கையை மகன் வாங்குகிறார். வைத்தியரின் அறைக்குள் தகப்பனை விட்டுவிட்டுத் தான் மட்டும் முன்னே போகிறார். “அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், அவர் தாங்கமாட்டார்” என்கிறார். அன்பினால் சொல்லப்படும் வார்த்தை அது, அதில் ஐயமில்லை. அதன் பின் வீட்டில் ஒரு நாடகம் ஆரம்பமாகிறது. ‘இரத்தம் கொஞ்சம் குறைவு’ என்று தகப்பனுக்குச் சொல்லப்படுகிறது. அவரோ மஹரகமவின் பெயர்ப் பலகையைத் தன் கண்ணாலேயே பார்த்தவர். மருந்து ஏற்றும் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு கதைத்தவர். அவருக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் தெரியாதவர் போல இருக்கிறார். ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி, இருதரப்பாரும் அந்த விலைமதிக்க முடியாத ஆண்டுகளைப் பொய்யில் கழிக்கிறார்கள். வீட்டு உறுதி எங்கே இருக்கிறது, நொத்தாரிசிடம் எப்போது போவது, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கடதாசிகளில் மனைவியின் பெயர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்ற கேள்விகளைக் கூட எவரும் எழுப்ப முடியாது போகிறது. எழுப்பினால் நாடகம் கலைந்துவிடும். இவை கணக்குவழக்குச் சம்பந்தமானவை. இவற்றிலும் பெரிய கேள்விகள் உள்ளே புதைந்து கிடக்கின்றன.

நோய் அந்த மனிதருடையது. இறப்பும் அவருடையது. அவருடைய பொருளை அவரைக் கேளாமல் எடுத்தால் களவு என்கிறோம். அவருடைய இறுதிக் காலத்தைப் பற்றிய அறிவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதை மட்டும் பாசம் என்கிறோம். எல்லா நோயாளரிடமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டுமென்பது இதன் கருத்தன்று. “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் அவர்களது உரிமையே. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று அவரையே முதலில் கேட்பதுதான் முறை. அந்த ஒரு கேள்வி அனேகமாகக் கேட்கப்படுவதில்லை.

நாயன்மார் வரலாற்றில் நோயோடு மிக அதிகமாகப் பேசப்படுபவர் திருநாவுக்கரசு சுவாமிகள். சூலை நோய் அவரை ஆட்கொண்ட வரலாற்றைப் பதிகத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். அதற்கு முன்னே நடந்ததைச் சேக்கிழார் விரிவாகவே சொல்கிறார். சமண மடத்தில் தலைவராக இருந்தவர், மந்திரமும் மருந்தும் பயன்படாத நிலையில், தமக்கு உணவு சமைப்பவரைத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் அனுப்பினார். தாம் படும் பாட்டைச் சொல்லும்படி சொல்லி அனுப்பினார். பின் இரவோடிரவாகத் தாமே தமக்கையின் வாசலில் வந்து நின்றார். நோயைத் தனியே விழுங்காமல், அதைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிச் சென்றார் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. திலகவதியாரும் ஒன்றுமில்லை, பயப்படாதே என்று மழுப்பவில்லை. எழுந்து வா என்று கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நாட்பட்ட நோயாளருக்கு மிகவும் தேவைப்படுவது அப்படியொரு தமக்கை.

அடுத்ததாக, வினை பற்றிய பேச்சு. புற்றுநோய் என்றதும் “எல்லாம் முன்வினை” என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. பிராரத்தம் அனுபவித்தே தீர வேண்டும் என்பது சித்தாந்தம். ஆனால் அதை அயல்வீட்டார் நோயாளியின் கட்டிலருகே வந்து சொல்வதற்குச் சித்தாந்தம் அனுமதி தரவில்லை. சம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்த காலத்தில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தினர். அப்போது அருளிய திருநீலகண்டப் பதிகம், வினைக்கு வினை என்று அறிந்திருந்தும் அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருப்பது குறையே என்ற கருத்தை முன்வைப்பது. வள்ளுவரும் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்று நால்வகையையும் அதில் வைத்தார். ஆகவே மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதும் கிளினிக்குக்குத் தவறாது போவதும் விதியை எதிர்ப்பதாகாது. ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று மருந்தை இடையில் நிறுத்திவிட்டு, நோய் முற்றிய பின் ஓடி வருகிறவர்களைப் பற்றி வைத்தியர்கள் மிகவும் வருந்துவதுண்டு.

ஆனால் உய்யும் வழி என்பது எப்போதும் மேலும் மேலும் மருந்துதானா? இங்கேதான் கேள்வி கடினமாகிறது. மெதுவாக நகரும் நோயும் ஒரு கட்டத்தில் வேகமாகலாம். ஒரு மருந்துக்கு அடங்காது மறு மருந்து, அதற்கும் அடங்காது வேறொன்று என்று போகும். எண்பது வயதில் இன்னொரு சுற்று மருந்தேற்றினால் இரண்டு மாதம் கூடலாம். அந்த இரண்டு மாதமும் வார்டில் கழியலாம். போதும் என்று சொல்ல அந்த முதியவருக்கு உரிமை உண்டா? அப்படிச் சொல்வது தற்கொலைக்கு ஒப்பாகுமா?

திருவண்ணாமலையில் பகவான் ரமண மகரிஷியின் இறுதிக் காலம் இவ்விடத்தில் பெரிதும் பயன்படும். 1949இன் தொடக்கத்தில் அவரது இடது முழங்கையில் தோன்றிய கட்டி சதைப் புற்று என்று அறியப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு தடவை சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. ஆங்கில வைத்தியமும் நாட்டு வைத்தியமும் பார்க்கப்பட்டன. அன்பர்களின் ஆறுதலுக்காக அவற்றுக்கு அவர் இடம் கொடுத்தார். ஆனால் கையை அகற்றிவிட வேண்டும் என்று வைத்தியர்கள் கூறியபோது அதற்கு மாத்திரம் சம்மதிக்கவில்லை. கடைசி நாட்களிலும் அன்பர்களின் தரிசனத்தை நிறுத்தவும் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு சமாதியடைந்தார். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று எவரும் சொன்னதில்லை. ஒன்றை ஏற்றார், ஒன்றை மறுத்தார். எது உடம்புக்கும் அன்பர்களுக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்று தாமே அளந்தார்.

சட்டமும் ஏறக்குறைய இந்த வேறுபாட்டையே பிடித்திருக்கிறது. ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு. பயன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுவது வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் திகதி, நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவர் தன் இறுதிச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு நீதவானின் ஒப்பம் வேண்டும் என்று முதலில் வைத்த விதி நடைமுறையில் எவருக்கும் பயன்படவில்லை. 2023 ஜனவரியில், இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு அல்லது பதவிநிலை அதிகாரி ஒருவர் அத்தாட்சிப்படுத்தினால் போதும் என்று அது எளிதாக்கப்பட்டது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்ற விதி இங்கு 1998இல் நீக்கப்பட்டது. தற்கொலைக்கு உடந்தையாவது இன்றும் குற்றமே. ஆனால் தெளிந்த புத்தியுள்ளவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று வைத்தியரிடம் சொல்வது இவற்றில் எதிலும் அடங்குவதல்ல. சட்டம் எழுதப்படாவிட்டாலும் ஒரு கடதாசியில் எழுதி, பிள்ளைகளிடமும் வைத்தியரிடமும் கொடுத்துவைப்பதை எவரும் தடுக்கவில்லை. கிளினிக் கொப்பியின் பின் அட்டைக்குள் வைத்தால் தேட வேண்டியதும் இராது.

இதில் பெரிய இடையூறு பிள்ளைகளிடமிருந்து வருகிறது. பெரும்பாலும் கடல் கடந்த பிள்ளைகள். இங்கே நாள்தோறும் பக்கத்திலிருந்து சலம் எடுத்து, உடம்பு துடைத்து, இரவில் விழித்திருக்கும் மகளுக்குத் தகப்பனின் களைப்புத் தெரிகிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகன், தொலைபேசியில், “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, எல்லாம் செய்யுங்கோ” என்கிறார். தூரத்தில் இருப்பவரே அதிகம் கேட்பார். அது பணத்திமிர் அன்று. வந்து நிற்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வு. ஆனால் அந்தக் குற்ற உணர்வுக்கான விலையைக் குழாய்களும் இயந்திரங்களுமாகத் தகப்பனின் உடம்பு செலுத்துகிறது. ‘கடைசி வரை பார்த்தோம்’ என்று ஊருக்குச் சொல்வதற்காக ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியே விட்டுவிடுவது, பார்த்தது ஆகாது.

மறுபுறத்தில் ஓர் அபாயமும் உண்டு; அதையும் மறைக்கக் கூடாது. “நான் ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது” என்று முதியோர் சொல்வது. போதும் என்ற சொல் மனநிறைவிலிருந்து வருகிறதா, மருமகளின் முகம் சுளிப்பைக் கண்டு வருகிறதா என்று வீட்டார் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதாயின் அது அவரது விருப்பம் அன்று, அவரிடமிருந்து பறித்தெடுத்தது. நல்லூர் யோகர் சுவாமிகள் 1961இல் இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடந்தார். அதன் பின் சக்கர நாற்காலியில், பிறர் உதவியோடு இருந்து, 1964 மார்ச்சில் சமாதியடைந்தார். அந்த மூன்றாண்டுகளில் அவரைத் தரிசிக்க வந்தவர்கள் ஒரு பாரத்தைப் பார்க்க வரவில்லை. பணிவிடை செய்தவர்கள் அதைப் பேறாகவே கருதினர். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைத் தூக்கியவர், இறுதியில் தூக்கப்படுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சிகிச்சையை நிறுத்தினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நோயைத் துரத்தும் மருந்து நின்ற பின்னும் நோவை ஆற்றும் மருந்து உண்டு. இரத்தம் குறைந்தால் ஏற்றலாம், மூச்சு முட்டினால் தணிக்கலாம், வாய்ப்புண்ணுக்கு மருந்திடலாம். லண்டனில் 1967இல் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லத்திலிருந்து இம்முறை உலகெங்கும் பரவியது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993இல் சில வைத்தியர்கள் ஆரம்பித்த நோவுதணிப்புச் சங்கம், அயலவர்களையே தொண்டர்களாக்கி அதனை வீடுகளுக்குக் கொண்டுபோனது. மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இல்லம் இவ்வகையினது. மோர்பின் கொடுத்தால் உயிர் போய்விடும், அல்லது அடிமையாகிவிடுவார் என்ற பயம் நம்மவரிடையே நிறைய உண்டு. தகுந்த அளவில், வைத்தியரின் மேற்பார்வையில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. வேதனையில் துடிப்பவருக்குப் பஞ்சாட்சரம் ஓதச் சொல்வதற்கு முன், நோவைத் தணித்துக் கொடுப்பது நலம். வலி அடங்கினால் அவரே ஓதுவார்.

ஆலயங்களில் நோயாளருக்காக மிருத்யுஞ்சய ஹோமம் செய்விக்கும் வழக்கம் கொழும்பில் மிகுந்து வருகிறது. ஆயுளை நீட்டித் தரும்படி இறைவனிடம் கேட்பதாக எண்ணியே பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள். மார்க்கண்டேயர் வரலாறும் திருக்கடவூர் மகிமையும் அந்த எண்ணத்துக்கு ஆதாரம். கேட்பதில் தவறில்லை. ஆயினும் இருக்கு வேதத்தின் 7ஆம் மண்டலத்தில் வரும் அம்மந்திரம் கேட்பது எது என்று குருக்களிடம் பொருள் கேட்டறிந்தவர் குறைவு. கனிந்த வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவது போல மரணத்தின் கட்டிலிருந்து விடுபட வேண்டும் என்பதே அதன் வேண்டுதல். அமுத நிலையிலிருந்து பிரியாதிருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. வெள்ளரித் தோட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். பிஞ்சைப் பறித்தால் காம்பு நார்நாராகக் கிழியும், கொடியும் சேர்ந்து அசையும். பழுத்தது கொடியிலேயே இருக்கும். ஒருநாள் பார்த்தால் கழன்றிருக்கும். கொடி தன் பாட்டில் இருக்கும். பழுப்பதற்குக் காலம் வேண்டும், வெயிலும் வேண்டும். நாட்பட்ட நோய் தரும் ஆண்டுகளை அந்தப் பழுக்கும் காலமாகக் கொள்வோருக்கு அம்மந்திரம் வேறு விதமாகக் கேட்கும்.

பெரும்பாலும் ஹோமத்துக்கு நோயாளரை அழைத்து வருவதில்லை. பெயரையும் நட்சத்திரத்தையும் மகனோ மருமகனோ சொல்லிச் சங்கல்பம் செய்துகொண்டு போகிறார்கள். எழுந்து நடமாடக் கூடியவராயின் அவரே வந்து அமர்வது நல்லது. தனக்காகக் கேட்கப்படுவது என்னவென்று அவர் காதால் கேட்க வேண்டும். வேறேதாவது கேட்க விரும்பினால் அதையும் கேட்கட்டும். இந்நோயாளருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் தேர், தீர்த்தம் போன்ற சன நெருக்கமான நாட்களைத் தவிர்த்து, சாதாரண வார நாளில் காலைப் பூசையோடு வைத்துக்கொள்ளலாம். இரத்தம் குறைந்தவருக்கு நிலத்தில் சப்பாணி கட்டி ஒரு மணித்தியாலம் இருப்பது கடினம். ஓமப் புகை நேரே முகத்தில் படாதவாறு, மண்டபத்தின் காற்றோட்டமான பக்கத்தில் அவருக்கொரு கதிரை போட்டுக் கொடுக்க வேண்டும்.